வேதாந்தம் இறந்த மார்கழி

மார்கழி 1, திங்கள்

பனி. எதிர்வீடு தெரியவில்லை, பெரிய நஷ்டமில்லை. தொண்டை கரகர. கோமளத்திடம் மிளகு ரசம் சொல்லியாயிற்று.

காலை ரயில். கோபாலன் வழக்கம்போல முன்னதாகவே வந்து, ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடித்திருந்தான். நான் வழக்கம்போலக் கடைசி மணிக்கு. வழக்கத்துக்கு மாறானது ஒன்றே ஒன்று. துண்டை எடுத்து உதறி, அந்த இடத்தில் டாக்டர் ஸம்பத்தை உட்கார வைத்தான்.

"சாரதி, நீ கொஞ்சம் நின்னுக்கோடா. டாக்டருக்கு முழங்கால் வலி."

டாக்டருக்கு முழங்கால் வலி. டாக்டருக்கே. யாரும் சிரிக்கவில்லை.

நின்றேன். காவேரிப் பாலம் முழுக்க நின்றேன். ஆற்றில் தண்ணீர் குறைவு. ஜங்ஷன் வரை இருவரும் தலையைச் சேர்த்துக்கொண்டு பேசினார்கள். என் காதில் விழுந்தது: "படுக்கறப்போதான்..." "அதெல்லாம் ஒண்ணுமில்லை, பயப்படாதீங்க." யார் படுக்கிறபோது, யாருக்கு என்ன பயம், தெரியாது. நின்றுகொண்டிருப்பவனுக்கு அரைப்பேச்சுத்தான் எட்டும்.

இந்த நோட்டைப் பின்னால் தின்னப்போகும் கரையானின் தகவலுக்கு: கோபாலன் ரயில்வே ஆபீசில் கணக்கு. நான் காலேஜில் தர்க்கமும் மனோதத்துவமும். ஸ்ரீரங்கத்துக்கு ரயில் வருமுன், ஜட்கா காலத்திலிருந்தே ஒன்றாகப் போகிறவர்கள். பதினெட்டு வருஷம். டாக்டர் ஸம்பத் ரங்கூனில் வைத்தியம் செய்துவிட்டு ஐப்பசியில் வடக்குச் சித்திரை வீதிக்கு வந்தவர். டவுன் பக்கம் கிளினிக் வைக்க இடம் பார்க்க ரயிலேறுகிறார். பூட்ஸ் போடுகிறார்.

வாங்க வேண்டியவை: அதிமதுரம், பேனா மை, கோமளத்துக்கு மஞ்சள் கிழங்கு.

மார்கழி 2, செவ்வாய்

பனி அப்படியே. ரசம் நன்றாக இருந்தது, சொல்லவில்லை.

இன்றும் நின்றேன். முழங்கால் குணமாக இன்னும் எத்தனை நாள் என்று கேட்க நினைத்து, அனுதாபமாகத் தொனிக்காது என்று விட்டுவிட்டேன்.

அரையாண்டு விடைத்தாள். மூன்றாம் கேள்வி: பொறாமையின் இயல்பை விளக்குக. நான் வகுப்பில் சொன்னதையே எல்லாரும் எழுதியிருக்கிறார்கள். பயமும் கோபமும் ஆசையும் சேர்ந்த கலவை உணர்ச்சி; இழக்கவில்லை, இழந்துவிடுவோம் என்ற எண்ணமே போதும்; தூக்கத்தையும் ஜீரணத்தையும் கெடுக்கும். ஒருவன் மட்டும் சொந்தமாக ஒரு வரி சேர்த்திருக்கிறான்: "இக்குணம் கல்வியறிவில்லாதவரிடமே மிகுதியாகக் காணப்படும்." சுயசிந்தனைக்காக மதிப்பெண் கொஞ்சம் கூட்டிப் போட்டேன்.

மத்தியானச் சாப்பாடு ஜீரணமாகவில்லை. கத்தரிக்காய் முற்றல்.

மார்கழி 4, வியாழன்

கோவிலில் நேற்றிலிருந்து பகல் பத்து உற்சவம். கோமளம் விடியுமுன்பே போய்விடுகிறாள். காபி நானே போட்டுக்கொண்டேன். அதைக் காபி என்று எழுதுவது சத்தியத்துக்கு விரோதம்.

சாயங்காலம் கோபாலன் வந்தான். அவன் எங்கள் வாசகசாலைக்குக் காரியதரிசி. வருஷா வருஷம் மார்கழியில் ஒரு பிரசங்கம். வருஷா வருஷம் நான்தான் பேசுவேன். கேட்கிறவர்களும் பெரும்பாலும் அதே ஒன்பது பேர். இந்த வருஷம் "கவலையும் உடம்பும்" என்று பேசலாமென்று குறிப்பெல்லாம் எடுத்து வைத்திருந்தேன். நல்ல குறிப்பு. மனோதத்துவம் எழுதிய நாலைந்து பெரிய ஜெர்மானியர்கள் அதில் இருக்கிறார்கள்.

"ஞாயித்துக்கெழமை டாக்டர் பேசறார்" என்றான் கோபாலன். "கவலையும் உடம்பும்னு. நீ போன வாரம் சொன்னியோன்னோ, அந்தத் தலைப்பையே அவர்கிட்ட சொன்னேன். ரொம்ப நன்னாருக்குன்னார்."

"ஓஹோ."

"நீ கடைசியில நன்றி சொல்லி வந்தனோபசாரம் பண்ணிடு. ரெண்டு வார்த்தை. நீ சொன்னா கௌரவமா இருக்கும்."

"சொல்றேன்."

"உடம்பு ஏதாவது படுத்தறதா? ஒரு மாதிரி இருக்கியே."

"கத்தரிக்காய்" என்றேன்.

அவன் கண்ணுக்குக் கீழே கறுப்பு. ஆபீசில் வருஷக் கடைசி வேலையாக இருக்கும். கேட்கவில்லை.

மார்கழி 5, வெள்ளி

மனோதத்துவத்தில் முறை ஒன்று உண்டு: தன்னைத் தானே கவனித்தல். செய்து பார்த்தேன். பாத்திரம்: நான். இடம்: அம்மா மண்டபத்து ஆற்றுப் படி, மாலை. சந்தர்ப்பம்: கோபாலனும் நானும் வழக்கமாக உட்காருகிற படியில் கோபாலனும் வேறொருவரும்.

கவனித்தவை: உள்ளங்கை வியர்வை. காது சூடு. டாக்டரின் வழுக்கையை எண்ணெய்ச் சட்டியோடு ஒப்பிடும் ஆசை. கோபாலனின் தோளில் அவர் கை வைத்து எடுக்கும்வரை விநாடி எண்ணியது. பதினெட்டு வருஷத்தில் நான் அவன் தோளில் கை வைத்ததில்லை. அவசியம் ஏற்பட்டதில்லை.

முடிவு: பாத்திரத்துக்கு ஈரக்காற்று ஒத்துக்கொள்ளவில்லை.

அவர்கள் பார்க்குமுன் திரும்பிவிட்டேன். வழியில் அதிமதுரம் வாங்கினேன். மை மறந்தது.

மார்கழி 7, ஞாயிறு

வெயில் நன்றாக அடித்தது. காலேஜ் நேற்றோடு மூடி, கிறிஸ்துமஸ் லீவு. செய்தது சரியா என்று இன்னும் முடிவாகவில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

வந்தனோபசாரம் எழுத உட்கார்ந்தேன். "ரங்கூன் நகரத்தின் நஷ்டம் நம்முடைய..." என்று ஆரம்பித்து, நம்முடைய என்ன என்று தெரியாமல் நின்றுவிட்டது. மணி நாலரை. வாசலில் கோபாலன் குரல்.

"சாரதி, கிளம்பிட்டியா? டாக்டர் அங்கேயே வந்துட்டார்."

ஜரிகை அங்கவஸ்திரம் போட்டிருந்தான். என் பிரசங்கத்துக்கு ஒரு வருஷமாவது அதைப் போட்டதுண்டா? நிலைப்படிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு நான் சொன்னது: "கிட்ட வராதே. தீட்டு."

அவன் தெருவிலேயே நின்றான். "ஐயோ. யாரு?"

யார் என்பதை நான் யோசித்திருக்கவில்லை. வாயில் வந்த பெயர் வேதாந்தம். வலங்கைமானில் இருக்கிறார். எங்கள் கொள்ளுத்தாத்தாவின் தம்பி வழி. ஊரைவிட்டு அவர் நகர்ந்து யாரும் பார்த்ததில்லை. கடுதாசி போட்டால் பதிலும் கிடையாது. செத்தாலும் வித்தியாசம் தெரியாத ஒருவர் வேண்டுமென்றால் அவரைவிட உத்தமர் அகப்படமாட்டார்.

"பங்காளியா?"

"பங்காளி. இப்பதான் ஆள் வந்து சொல்லிட்டுப் போனான்."

"என்ன வயசு?"

"நம்ம வயசுதான்."

"என்னடா ஆச்சு?"

"ஒண்ணுமில்லை. ராத்திரி படுத்தார். தூக்கத்திலேயே போயிட்டார்."

கோபாலன் முகம் வெளுத்தது. பங்காளி எனக்கு, வெளுத்தது அவன். கூட்டத்துக்கு நேரமாகிவிட்ட பதற்றம் என்று எடுத்துக்கொண்டேன். அங்கவஸ்திரத்தால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, வாசகசாலைப் பக்கம் போனான்.

திரும்பினால் பின்னால் கோமளம், காபி டபராவோடு.

"யார் வந்து சொன்னா?" என்றாள்.

மார்கழி 8, திங்கள்

வானம் மூட்டம். வீட்டிலும்.

பங்காளி என்றால் பத்து நாள் தீட்டு. மாமா வழி என்றிருந்தால் மூன்று நாளோடு போயிருக்கும். பங்காளியே ஆனாலும், செத்து ஐந்து நாள் கழித்துத்தான் சேதி வந்தது என்றிருந்தால் மீதி நாள் மட்டும் காத்தால் போதும். இத்தனை வழி இருக்க, முழுப் பத்தையும் கேட்டு வாங்கியிருக்கிறேன். தொழில்: தர்க்கம் கற்பித்தல்.

பத்து நாளுக்குள் என்னென்ன வருகிறது என்று கோமளம் விரல் விட்டுச் சொன்னாள். பகல் பத்தில் மிச்சம். மோகினி அலங்காரம். வைகுண்ட ஏகாதசி. சொர்க்கவாசல்.

"நீ பாட்டுக்குப் போயேன். பொய்த் தீட்டுதானே" என்றேன்.

"பொய்ங்கறது உங்களுக்கும் எனக்கும் தெரியும். ஊருக்கு? தீட்டோட கோவிலுக்குள்ள வந்தாள்னு என்னைன்னா சொல்லுவா? இல்லை, என் ஆத்துக்காரர் புளுகினார்னு கோபுர வாசல்ல நின்னு சொல்லட்டுமா?"

பஞ்சாங்கத்தைப் புரட்டினேன்.

"இந்த வருஷம் முன்னாடி நின்னு ஸேவிக்கறதா இருந்தேன். இடமெல்லாம் சொல்லி வச்சிருந்தேன்."

"மன்னிச்சுக்கோ."

"ஏன்னா, அந்த டாக்டர் பேரிலதானே கோவம்? வேதாந்தத்தைக் கொன்னதுக்கு டாக்டரையே கொன்னிருக்கலாம். தீட்டாவது கிடையாது."

இதற்கு மேல் அவள் பேசவில்லை. பத்து நாளும் பேசமாட்டாள் போலிருக்கிறது. தீட்டுக்கு அவளாகச் சேர்த்துக்கொண்ட விதி.

மார்கழி 9, செவ்வாய்

பிரசங்கம் பிரமாதமாம். எதிர்வீட்டு மாமி தெருவில் நின்று, யாரிடமோ, எனக்குக் கேட்கும்படி சொன்னது: "சாரதி பேசினா எங்காத்துக்காரர் அஞ்சு நிமிஷத்துல தூங்கிடுவார். ஞாயித்துக்கெழமை அழுதுண்டு வந்தார்."

அறுபது பேருக்கு மேலாம். உட்கார இடமில்லையாம். டாக்டர் சொன்னதின் சாரம்: கவலையை ஒருவரிடம் சொன்னால் பாதியாகும், அடுத்தவனோடு ஒத்துப் பார்ப்பது விஷம், தூங்காத மனிதன் தனக்கே சத்துரு. இதையெல்லாம் பன்னிரண்டு வருஷமாக நான் ஜெர்மானியர்கள் சாட்சியாகச் சொல்லிவருகிறேன். ஒருவரும் அழுததில்லை. ஒருவேளை சாட்சிகள் அதிகம்.

வந்தனோபசாரம் கோபாலனே சொன்னானாம். நடுவில் குரல் கம்மி உட்கார்ந்துவிட்டானாம்.

டாக்டரின் பிரிவுக்குக் கூட இல்லை, டாக்டரின் பேச்சுக்கே குரல் கம்முகிறது. நான் போனவருஷம் ஜுரத்தில் கிடந்தபோது அவன் கொண்டுவந்து கொடுத்தது சாத்துக்குடி. குரல் தெளிவாக இருந்தது.

தூக்கம் இல்லை. பசி இல்லை. கோமளம் வைக்கிற தட்டில் மட்டும் சத்தம் இருக்கிறது.

மார்கழி 10, புதன்

டாக்டர் ஸம்பத் வந்தார். துக்கம் விசாரிக்க.

தீட்டு வீட்டில் எங்கே நிற்கலாம், யாரைத் தொடலாம் என்ற யோசனையே இல்லாத மனிதர். ரங்கூன் அதையெல்லாம் கழுவி அனுப்பியிருக்கிறது. ரேழியில் நேரே என் பக்கத்தில் உட்கார்ந்து மணிக்கட்டைப் பிடித்தார். கை வெதுவெதுப்பாக இருந்தது. எழுதுவதற்கு வருத்தமாக இருக்கிறது, ஆனால் சௌகரியமாக இருந்தது.

"தூக்கம் எப்படி ஸார்?"

"இல்லை."

"சாப்பாடு?"

"இறங்கலை."

"யார் பேசினாலும் எரிச்சலா வருதா?"

"சிலர் பேசினா."

"நெஞ்சுல கல்லு வச்ச மாதிரி?"

"ஆமாம்."

தலையை ஆட்டிக்கொண்டார். எல்லா லட்சணமும் சரி. காரணம் மட்டும் தப்பு. பரீட்சையில் இப்படி எழுதுகிறவனுக்கு நான் பாதிக்கு மேல் போடுவேன்.

"துக்கத்தை உள்ளேயே வச்சுக்காதீங்க. எவ்வளவு காலப் பழக்கம்?"

"பதினெட்டு வருஷம்" என்றேன். சொன்ன பிறகுதான் அவர் வேதாந்தத்தைக் கேட்கிறார் என்பது உறைத்தது.

"திடீர்னு போயிட்டாரோ?"

"இல்லை. ஐப்பசியிலேர்ந்தே கொஞ்சம் கொஞ்சமா."

"தூக்கத்துல போனார்னு கோபாலன் சொன்னாரே."

"அது கடைசியில."

என் கண்ணில் ஜலம். வேதாந்தத்துக்காக இல்லை, அது மட்டும் நிச்சயம். அவர் கையை விடவில்லை. நானும் இழுத்துக்கொள்ளவில்லை.

"அதைப் பத்தித்தான் சொல்ல வந்தேன்" என்றார். "கோபாலன்கிட்ட அந்தத் தூக்க விஷயத்தைச் சொல்லாம இருந்திருக்கலாம். நீங்க அவருக்கு ரொம்ப வேண்டியவர், உங்களுக்குத் தெரியாததா? அவர் அப்பா நாப்பத்தஞ்சு வயசுல ராத்திரி படுத்து, காலையில எழுந்திருக்கலை. இவருக்கு இப்ப அதே நாப்பத்தஞ்சு. ரெண்டு மாசமா படுக்கையில தலையை வச்சா நெஞ்சு அடிச்சுக்குது. கண்ணை மூடினா திறக்க மாட்டோமோன்னு பயம். நெஞ்சுல கோளாறு ஒண்ணுமில்லை, பார்த்துட்டேன். இப்பத்தான் கொஞ்சம் தூங்க ஆரம்பிச்சிருந்தார். ஞாயித்துக்கிழமையிலேர்ந்து மறுபடியும் விடிய விடிய உக்காந்திருக்கார்."

"தெரியும்" என்றேன்.

தெரியாது. அவன் அப்பா போனது தெரியும். எந்த வயதில், எப்படி என்று நான் கேட்டதில்லை.

டாக்டர் எழுந்து, சொல்லிக்கொள்ளாமல் போனார். துக்க வீட்டில் "போயிட்டு வரேன்" சொல்லக் கூடாதல்லவா. ரங்கூன் அதை மட்டும் கழுவவில்லை.

மார்கழி 11, வியாழன்

குளிர். விடிந்ததிலிருந்து ஒரே வாக்கியத்தை நெட்டுருப் போட்டேன்: "கோபாலா, வேதாந்தம் சாகலை, நான் புளுகினேன்." ஐந்தே சொல். இலக்கணப் பிழை இல்லை. சொல்ல முடியாததற்கு எந்தக் காரணமும் அதில் தெரியவில்லை.

சாயங்காலம் அவன் தெருவுக்குப் போனேன். தீட்டுக்காரன் படியேறக் கூடாது. வாசலில் நின்று கூப்பிடலாம். கூப்பிட வாயைத் திறந்தேன். வாசலில் பூட்ஸ். ஜோடியாக, பளபளவென்று, குடியிருப்பதற்கே வந்த மாதிரி.

உள்ளே டாக்டர் குரல். பிறகு கோபாலன் சிரிப்பு. சின்னச் சிரிப்பு. ஆனால் சிரிப்பு.

திரும்பிவிட்டேன்.

காரணங்கள்: (1) ஒருவனிடம் ஒப்புக்கொள்ள வேண்டிய பொய்யை இருவரிடம் ஒப்புக்கொள்வது அதிகப்படி. (2) சிரிக்கிறவனுக்கு அப்படியென்ன பயம் இருந்துவிடப் போகிறது. (3) எழுத விருப்பமில்லை.

மூன்றாவதுதான் உண்மையானது. அவன் தூங்காமல் சாகட்டும், ஆனால் அந்த ஆள் கேட்க நான் தலை குனியமாட்டேன் என்று எனக்குள் ஒருவன் சொன்னான். அவனை எனக்குத் தெரியும். விடைத்தாளில் பார்த்திருக்கிறேன். கல்வியறிவில்லாதவன்.

மார்கழி 12, வெள்ளி

மோகினி அலங்காரம். கோமளம் பட்டுப் புடவையைப் பெட்டியிலிருந்து எடுத்தாள், பார்த்தாள், திரும்ப வைத்தாள். என் எதிரில், நிதானமாக.

ஊரெல்லாம் ஜனம். வெளியூர் வண்டிகள். ஒவ்வொரு வீட்டிலும் உறவுக்காரர்கள் வந்து இறங்குகிறார்கள். எங்கள் வீட்டுக்கு மட்டும் யாரும் இல்லை. தீட்டின் ஒரே அனுகூலம் என்று எழுதப்போனேன். பேனா நின்றது. மை தீர்ந்ததால் அல்ல.

இந்த மாசம் இந்தச் சீமையில் யார்தான் ஸ்ரீரங்கத்துக்கு வரமாட்டார்கள்? ஊரைவிட்டு நகராத ஒரு மனிதன் ஆயுளில் ஒரே தரம் நகர்ந்தால் எங்கே நகர்வான்? வந்தால் எந்தப் பங்காளி வீட்டில் தங்குவான்?

கொல்வதற்கு வேறு மாசம் பார்த்திருக்க வேண்டும்.

மார்கழி 13, சனி

ஏகாதசி. விடியுமுன் கோவில் பக்கமிருந்து ஒரே இரைச்சல். சொர்க்கவாசல் திறந்தது. வீட்டிலிருந்தே தெரிந்தது, கோமளம் விசும்பியதிலிருந்து. சுவரைப் பார்த்துக் கும்பிட்டாள்.

அவள் காலில் விழலாமென்று தோன்றியது. தீட்டில் காலில் விழுந்து சேவிக்கவும் கூடாது.

பகலெல்லாம் வாசலில் காலடிச் சத்தம் கேட்டால் எழுந்து எழுந்து பார்த்தேன். வேதாந்தம் வரவில்லை. என் ஊகம் வெறும் பிரமை. கெட்ட மனச்சாட்சி ஆளை உண்டாக்கிக் காட்டும். இதற்கு ஒரு ஜெர்மானியர் இருக்கிறார்.

கோபாலனும் வரவில்லை.

மார்கழி 15, திங்கள்

பனி திரும்ப. ஆபீசிலிருந்து வருகிற வழியில் கோபாலன் வந்தான். துக்கம் விசாரிக்க.

ரேழியில், தள்ளி உட்கார்ந்தான். முகத்தில் கறுப்பு குறைந்திருந்தது. டாக்டரின் கைராசி என்று நினைத்துக்கொண்டேன், காது சூடாயிற்று. கொஞ்ச நேரம் இருவரும் தரையைப் பார்த்தோம். துக்க வீட்டு முறை.

"நல்ல மனுஷன்" என்றான்.

"ஆமாம்."

"பேச்சுதான் ஜாஸ்தி."

"உனக்கெப்படித் தெரியும்?"

"அகத்திக்கீரைன்னா உசிர் போலிருக்கு. நேத்து துவாதசிப் பாரணைச் சாப்பாட்டுல மூணு தரம் கேட்டு வாங்கிண்டார்."

உள்ளே பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது.

கோபாலன் தரையைப் பார்த்தபடியே சொன்னான். "வெள்ளிக்கெழமை சாயங்காலம் ஜங்ஷன்ல கூட்டம் தாங்கலை. ஒருத்தர் என்கிட்ட வந்து, ஸ்ரீரங்கத்துக்கு எந்த வண்டின்னு கேட்டார். என் பங்காளி சாரதி, காலேஜ்ல இருக்கான், அவாத்துலதான் தங்கப்போறேன்னார். பேர் என்னன்னேன். சொன்னார். எனக்கு நெஞ்சு ஒரு தரம் நின்னு மறுபடி ஓடித்து."

"என்னடா சொன்னே அவர்கிட்ட?"

"சாரதி ஆத்துல தீட்டுன்னு சொல்ல வாயெடுத்தேன். உனக்குத் தீட்டுன்னா பங்காளி, அவருக்கும் தீட்டு. பாவம், ஆயுசுல மொதல் தரமா வந்திருக்கார், கோவிலுக்குள்ள போக முடியாது. யார் போனதுன்னு வேற கேப்பார். என்னன்னு சொல்றது? நீ கும்பகோணம் போயிருக்கேன்னு சொல்லி எங்காத்துக்கு அழைச்சிண்டு போயிட்டேன். சொர்க்கவாசல் ஸேவிச்சு வச்சேன். இன்னிக்குக் காலம்பற ரயில் ஏத்தி விட்டாச்சு. உன்னை ரொம்ப விசாரிச்சார்."

ஐந்து சொல் வாக்கியம் இன்னும் தயாராகத்தான் இருந்தது. இனி அதற்கு வேலையில்லை.

"பாரணை ஆனதும் கூடத்துல படுத்தார்டா. துவாதசியன்னிக்குப் பகல் தூக்கம் கூடாதுன்னேன். வலங்கைமான்ல அதெல்லாம் பாக்கறதில்லைன்னார். குறட்டைன்னா குறட்டை. நான் பக்கத்துல உக்காந்து பாத்துண்டே இருந்தேன். தூக்கத்துல போனவர் எப்படித் தூங்கறார்னு. மூச்சு உள்ளே போகும், நிக்கும், போச்சுன்னு நினைப்பேன், திரும்ப வரும். ஒவ்வொரு தரமும் வந்துது. அதையே கேட்டுண்டு நானும் சாஞ்சுட்டேன். விளக்கு வைக்கறப்போ ஆத்துல எழுப்பினா."

"ஏன்டா என்கிட்ட சொல்லலை? இந்தப் பயத்தை."

யோசித்தான். "உன்கிட்ட சொன்னா நீ அதுக்கு ஒரு பேர் சொல்லுவே. அவர் கையைப் பிடிச்சார்."

சரியான பதில். இதற்கு முழு மதிப்பெண்.

"நீ ஏன் புளுகினே?" என்றான் அவன்.

"நீ துண்டை அவருக்குப் போட்டே."

என்னை முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தான். "ஒரு துண்டுக்காடா பங்காளியைக் கொன்னே?"

அப்படிக் கேட்டால் கொஞ்சம் அதிகப்படியாகத்தான் தெரிகிறது.

ஒன்று கேட்காமல் இருக்க முடியவில்லை. கேட்டேன். "டாக்டருக்குத் தெரியுமா?"

"சொல்லலை. தன் மருந்துலதான் தூங்கினேன்னு சந்தோஷப்படறார். இருந்துட்டுப் போகட்டும். இது நமக்குள்ள."

நமக்குள்ள.

எழுந்தான். துக்கம் விசாரிக்க வந்தவன் பேசாமல் இறங்கிப் போகவேண்டும். கோபாலன் வாசல்படியில் நின்று, திரும்பி, எதிர்வீட்டு மாமி கோலப்பொடியோடு அப்படியே நிமிரும்படி, உரக்கச் சொன்னான்:

"போயிட்டு வரேன்டா."

"போயிட்டு வா" என்றேன் நானும், அதே உரப்பில்.

உள்ளேயிருந்து கோமளம், எட்டு நாளில் முதல் பேச்சு: "தெரிஞ்சுடுத்தா?"

"தெரிஞ்சுடுத்து."

"பெருமாள் இருக்கார்" என்றாள். ஊருக்காக இன்னும் நாளை ஒரு நாள் தீட்டு பாக்கி. ராத்திரிச் சாப்பாட்டில் நெய் போட்டாள்.

மார்கழி 17, புதன்

தீட்டுக் கழிந்தது. கோமளத்தைக் கோவிலுக்கு நானே அழைத்துப் போனேன். பகல் பத்துக்கு அடுத்த ராப்பத்து உற்சவம் முடியும்வரை சொர்க்கவாசல் திறந்துதான் இருக்குமாம். எனக்கு இது தெரியாது, அவளுக்குத் தெரியும். தெரிந்தும் பத்து நாள் சொல்லவில்லை. கேட்டேன்.

"முன்னாடி நின்னு ஸேவிக்கறது போனது போனதுதானே" என்றாள்.

வலங்கைமானுக்குக் கடுதாசி எழுதினேன்: ஊரில் இல்லாமற்போனதற்கு வருத்தம், அடுத்த மார்கழிக்கு அவசியம் வரவும். பதில் வராது.

மை வாங்கியாயிற்று.

மார்கழி 22, திங்கள்

காலேஜ் திறப்பு. பனி குறைவு. தொண்டை சரி.

ஓட்டமாகப் போனேன், ரயிலில் ஜன்னலோரம் துண்டு. இந்தத் தடவை இரண்டு பேருக்குக் காணும்படி அகலமாக விரித்திருந்தான். ஜன்னல் பக்கம் டாக்டர், நடுவில் கோபாலன், இந்தப் பக்கம் நான். டாக்டர் குறுக்கே கை நீட்டி என் நாடியைப் பார்த்தார். துக்கம் நன்றாகத் தணிந்திருக்கிறது என்றார். முழங்கால் எப்படி என்று கேட்டேன். அனுதாபமாகத்தான் கேட்டேன்.

பாலம் தாண்டுவதற்குள் கோபாலன் தூங்கிவிட்டான். தலை என் தோளில்.

டாக்டருக்கும் தோள் இருந்தது.